மக்கள் எல்லாரும் தூக்கு கேட்கும்போது நீதிமன்றம் ஏன் தயங்குகிறது?

"குழந்தையைக் கொன்றவனுக்குக்கூடத் தூக்கு நிற்பதில்லை. ஆயுள் என்றால் பதினாலு வருடத்தில் வெளியே வந்துவிடுகிறான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தூக்கு வேண்டும் என்கிறார்கள். அப்புறமும் நீதிமன்றம் ஏன் தயங்குகிறது? மக்கள் கருத்துக்கு மதிப்பே கிடையாதா?" இதுதான் உங்கள் கேள்வி. குற்றவியல் மேல்முறையீடுகளில் வேலை செய்கிறவன் என்பதால் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். பதினாலு வருடத்திலிருந்து தொடங்குகிறேன். மற்ற கோபமெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை சிறை. 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. காந்தி கொலை வழக்கில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சே, சிறையில் கிடைத்த தண்டனைக் கழிவுகளையெல்லாம் கூட்டினால் இருபது வருடம் முடிந்துவிட்டது, என்னை விடுங்கள் என்று போனார். கழிவு எவ்வளவு சேர்ந்தாலும் அரசு உத்தரவு போடாமல் ஆயுள் கைதி வெளியே வர உரிமை கிடையாது என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். அப்படியானால் பதினாலு எங்கிருந்து வந்தது? 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தூக்கு விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரைப் பதினாலு வருடம் முடியும் முன் அரசு முன்விடுதலை செய்யக்கூடாது என்பது அதன் சாரம். அரசின் கையைக் கட்ட வந்த பிரிவு அது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று சட்டம் வைத்ததை, ஊர் அதிகபட்சம் இவ்வளவு என்று எடுத்துக்கொண்டது.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. 433ஏ அரசின் சாதாரண அதிகாரத்தைத்தான் கட்டுப்படுத்தும். அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவின்கீழ் ஆளுநர் பெயரில் செய்யும் விடுதலையைக் கட்டுப்படுத்தாது. 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழு வருடம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேரைத் தமிழக அரசு ஒரே நாளில் விடுவித்தது. எம்ஜிஆர் நூற்றாண்டுக்குப் பத்து வருடம் முடித்தவர்கள் முறை. அந்த வரிசையில்தான் 2018 நவம்பரில் தர்மபுரி பஸ் எரிப்பு வழக்குக் கைதிகள் மூவரும் வெளியே வந்தார்கள். 2000-ல் மூன்று கல்லூரி மாணவிகள் உயிரோடு எரிந்த வழக்கு. செஷன்ஸ் கோர்ட் தூக்கு, உயர் நீதிமன்றம் தூக்கு, 2010-ல் உச்ச நீதிமன்றமும் தூக்கு. 2016-ல் சீராய்வு மனுவில், கும்பல் வெறியில் நடந்தது, கொல்லும் திட்டம் இல்லை என்று ஆயுளாகக் குறைத்தார்கள். குறைத்ததில் சட்டரீதியாக நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் அடுத்த இரண்டே வருடத்தில் தலைவர் நூற்றாண்டுக்காக அவர்களை விட்டபோது, ஆயுள் என்ற தீர்ப்பின் மேல் சாதாரண ஆளுக்கு இருந்த மிச்ச நம்பிக்கையும் போனது. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் பதினோரு பேரை 2022 சுதந்திர தினத்தன்று விடுவித்து, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி உள்ளே அனுப்பியதும் இதே கதைதான்.

ஆக "தூக்கில் போடு" என்ற குரலில் பெரும்பகுதி, "இவனை மறுபடி தெருவில் பார்க்க வைக்காதே" என்பது. உயிரை எடுக்கச் சொல்வதைவிட, தீர்ப்புக்குப் பிறகு அரசு என்ன செய்யுமோ என்ற சந்தேகம் அதில் அதிகம். இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறது. கொலைக்கு மரண தண்டனை வேண்டும் என்றவர்கள் 1994-ல் 80 சதவீதம், 2019-ல் 56 சதவீதம். அதே 2019-ல் கேள்வியை மாற்றி, மரண தண்டனையா, பரோலே கிடையாத ஆயுளா, எது சரி என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் ஆயுள் என்றார்கள். மரண தண்டனை என்றவர்கள் 36 சதவீதம்தான். ஒருவன் வெளியே வரவே மாட்டான் என்ற உறுதி கிடைத்தவுடன் கணக்கு தலைகீழாகிறது. நம் ஊரில் கருத்துக்கணிப்பு என்பது தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் மைக் நீட்டுவது. அந்த நேரத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

அந்த இரண்டாவது வகைத் தண்டனை இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2008-ல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில், பதினாலு வருட ஆயுளுக்கும் தூக்குக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும் என்று சொல்லி, தண்டனைக் குறைப்பே இல்லாமல் வாழ்நாள் முழுக்கச் சிறை என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. 2015-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் உறுதி செய்தது. அந்த 2015 தீர்ப்பு பிறந்தது ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளைத் தமிழக அரசு விடுவிக்க முயன்றதிலிருந்து. இருபது, இருபத்தைந்து, முப்பது வருடம் தண்டனைக் குறைப்பு கிடையாது என்று உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம். சில பாலியல் குற்றங்களுக்கு 'எஞ்சிய இயற்கை ஆயுள் முழுவதும்' என்று 2013 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. 2025 மே மாதம் பொள்ளாச்சி வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அடுத்த மாதம் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் சென்னை மகளிர் நீதிமன்றம், குறைந்தது முப்பது வருடம் எந்தக் குறைப்பும் கூடாது என்றது. (விசாரணை நீதிமன்றத்துக்கு அப்படி விதிக்க அதிகாரம் உண்டா என்பது 2015 தீர்ப்பைப் படித்தவர்களுக்கு எழும் கேள்வி. அது தனிக் கதை.)

சரி, மக்கள் கருத்துக்கு வருவோம். மதிப்பு இருக்கிறதா என்றால், இருக்கக்கூடாத அளவுக்கு இருந்திருக்கிறது. கொலைக்குத் தூக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டிய காலம் 1955 வரை இருந்தது. 1973 சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. ஆயுள்தான் விதி, தூக்கு கொடுத்தால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில், 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே தூக்கு என்ற அளவுகோல் வந்தது. அதே தீர்ப்பில், நீதிபதிகள் மக்கள் கருத்தின் குரலாகத் தங்களை எண்ணிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. மூன்றே வருடத்தில் மச்சி சிங் வழக்கில் 'சமூகத்தின் கூட்டு மனசாட்சி' உள்ளே நுழைந்தது. 2005-ல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் அப்சல் குரு தீர்ப்பில் அந்தக் கூட்டு மனசாட்சியைத் திருப்திப்படுத்தத் தூக்குதான் வழி என்றே எழுதினார்கள். 2009-ல் பரியார் வழக்கில் இன்னொரு அமர்வு, தண்டனையை முடிவு செய்ய மக்கள் கருத்து ஒரு அடிப்படையே இல்லை என்றது. இத்தனை வருடமும் ஒரே நீதிமன்றம்தான், அமர்வுதான் வேறு. ஒரு கைதி உயிரோடு இருப்பதும் இல்லாததும் அவன் கோப்பு எந்த அமர்வுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது என்று பச்சன் சிங் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பகவதி 1982-லேயே கவலைப்பட்டார். அந்தக் கவலை இன்னும் தீரவில்லை.

கீழ்க் கோர்ட்டுகள் மட்டும் தயங்குவதே இல்லை. 2022-ல் விசாரணை நீதிமன்றங்கள் 165 பேருக்குத் தூக்கு விதித்தன. இருபது வருடத்தில் அதுதான் அதிகம். 2024 முடிவில் தூக்குத் தண்டனைக் கைதிகள் 564 பேர். ஆனால் 2000-லிருந்து இன்றுவரை இந்தியாவில் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டே பேர். தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995 ஏப்ரலில் சேலம் மத்தியச் சிறையில், ஆட்டோ சங்கருக்கு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கீழ்க் கோர்ட் விதிக்கும் தூக்குகளில் கடைசிவரை நிற்பது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. மீதி ஆயுளாகிறது, அல்லது முழு விடுதலையாகிறது. உடுமலைப்பேட்டை ஆணவக் கொலையில் 2017-ல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது கொண்டாடாதவர் குறைவு. 2020-ல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்து ஐந்து பேருக்கு ஆயுளாக்கியது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கூட்டமும் கேமராவும் நிற்கின்றன, உள்ளூர்ப் பேப்பர் அடுத்த நாள் நீதிபதியின் பெயரைப் போடுகிறது. அந்த அழுத்தத்தில் தூக்கு எழுதுவது எளிது, மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பும் சேரும். நான் எந்த நீதிபதியின் மனசையும் திறந்து பார்த்ததில்லை. ஆனால் இந்த எண்களுக்கு வேறு நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

விடுதலை என்றேனே, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2017-ல் சென்னைப் புறநகர் முகலிவாக்கத்தில் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் ஏறத்தாழ ஒரு வருடத்தில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. சில மாதங்களில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வேகமான நீதி என்று எல்லாரும் பாராட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆளை விடுவித்தது. சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலி நிரூபிக்கப்படவில்லை, தற்காப்புக்கு நியாயமான வாய்ப்பும் தரப்படவில்லை என்பது காரணம். அன்று தமிழ்நாட்டில் எழுந்த கோபம் முழுவதும் உச்ச நீதிமன்றத்தின் மேல் பாய்ந்தது. புலனாய்வின் மேலும், அவசரமாக நடந்த விசாரணையின் மேலும் பாய்ந்தது மிகக் குறைவு. அவன்தான் செய்தான் என்று நீங்கள் நம்பினால், ஓட்டை வழக்கைக் கட்டியவர்கள்மேல்தானே முதலில் கோபம் வர வேண்டும்?

நிதாரி நினைவிருக்கிறதா? 2006 கடைசியில் நொய்டாவில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. நாடே ஒரு வேலைக்காரரை மனித மிருகம் என்றது. அடுக்கடுக்காகத் தூக்குத் தண்டனைகள். 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் தூக்கிலிட ஏற்பாடெல்லாம் ஆன பிறகு, நள்ளிரவு தாண்டி உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பன்னிரண்டு வழக்குகளில் அவரை விடுவித்தது. 2025 நவம்பரில், எந்த வழக்கில் கயிறுவரை போனாரோ அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. அன்று இரவு அந்தத் தடை வந்திருக்காவிட்டால் இந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களின் நிலையையும் யோசியுங்கள். ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, கொன்றவன் இன்னார் என்று சட்டப்படி சொல்ல ஒரு ஆள் இல்லை. மகாராஷ்டிரத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கும் தூக்குதான் என்று 2009-ல் முடிவாகச் சொன்னதே உச்ச நீதிமன்றம்தான். பிறகு தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்று, பத்து வருடம் கழித்து 2019-ல் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விட்டு, தலைக்கு ஐந்து லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

தூக்கு கேட்கும் மனநிலையின் அடுத்த படி கோர்ட்டே வேண்டாம் என்பது. 2019-ல் ஹைதராபாத் கால்நடை மருத்துவர் கொலையில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டபோது அந்த இடத்துக்கே போய்ப் பூத்தூவினார்கள். சிர்புர்கர் ஆணையம் 2022-ல் கொடுத்த அறிக்கை, அது திட்டமிட்டுச் சுட்டது, பத்துப் போலீஸ்காரர்கள்மேல் வழக்குப் போட வேண்டும் என்றது. நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. நம் ஊரில் இதன் சின்ன வடிவம் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்த கைதியின் போட்டோவுக்கு விழும் சிரிப்பு ஸ்மைலிகளை எண்ணிப் பாருங்கள். ஏழு வருடம் கழித்து வரக்கூடிய தண்டனையை நம்பாதவன், இன்றைக்குக் கையில் கிடைத்த தண்டனைக்குக் கைதட்டுகிறான்.

அந்த அவநம்பிக்கைக்கு எண் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனை கிடைத்தது 27 சதவீதம் அளவுக்குத்தான். கொலை வழக்குகளில் சுமார் 44. நாலு பேரில் மூன்று பேர் தப்பிக்கிற குற்றத்துக்கு, மாட்டுகிற நாலாவது ஆளின் தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதால் யார் பயப்படுவார்கள்? தூக்கு பயத்தைத் தருமா என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-ல் மரண தண்டனையை எடுத்துவிட்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று அதற்குள் இருந்தது. இந்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தூக்கு திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945-50-ல் அங்கே 962 கொலைகள், தூக்கு இருந்த 1950-55-ல் 967. பகவதி தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டிய கணக்கு இது.

2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த வர்மா குழுவுக்கு எண்பதாயிரம் பரிந்துரைகள் வந்தன. ஒரே மாதத்தில் அறிக்கை கொடுத்தார்கள். பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கு வேண்டாம் என்றார்கள். பெண்கள் அமைப்புகள் பலவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தன. அரசு அடுத்த வாரமே அவசரச் சட்டத்தில் தூக்கைச் சேர்த்தது. 2018-ல் பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் தூக்கும் விதிக்கலாம் என்று இன்னொரு திருத்தம். குழந்தைகள்மேல் கை வைப்பவர்கள் பெரும்பாலும் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன். அவருக்குத் தூக்கு என்றால் புகார் கொடுக்க எத்தனை அம்மாக்கள் போலீஸ் ஸ்டேஷன் படியேறுவார்கள்? தண்டனையை ஏற்றுவதற்குச் செலவு இல்லை. தடய அறிவியல் ஆய்வகத்துக்கு ஆள் போடுவதற்கும், சாட்சி பிறழாமல் காப்பதற்கும் பணம் வேண்டும்.

மக்கள் கருத்து என்பதும் கல்லில் எழுதியதில்லை. 2011 ஆகஸ்டில் ராஜீவ் வழக்கின் மூவருக்குத் தூக்குத் தேதி குறித்தபோது, தூக்கு வேண்டாம் என்று தமிழ்நாடு தெருவுக்கு வந்தது. காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். ஆகஸ்ட் 30 அன்று சட்டமன்றமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு இறந்த காவலர்கள், தொண்டர்கள் குடும்பங்களின் குரல் அந்த இரைச்சலில் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூவரில் ஒருவரான பேரறிவாளனின் தாய் அற்புதம்மாளைப் பல வருடம் பார்த்துவிட்ட மக்களுக்கு அந்த வழக்கில் கைதி ஒரு முகமாகிவிட்டார். மற்ற வழக்குகளில் கைதிக்கு முகமே கிடையாது, ஒரு போலீஸ் போட்டோதான். இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனால் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டே இருக்கின்றன. 2015 புங்குடுதீவு மாணவி வழக்கில் யாழ்ப்பாணமே கொதித்தெழுந்தது. 2017-ல் ஏழு பேருக்கு மரண தண்டனை என்றவுடன் தெரு அமைதியானது, அவர்கள் தூக்கில் தொங்கப்போவதில்லை என்று தெரிந்தேதான். பிரிட்டனில் 1965-ல் தூக்கை நிறுத்தியபோது பெரும்பான்மை மக்கள் எதிர்த்தார்கள். அங்கே ஆதரவு பாதிக்குக் கீழே இறங்க ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் நிறுத்தியே இருக்க முடியாது.

அதனால் நீதிமன்றம் தலை எண்ணக் கூடாது என்பது என் பதில். ஆனால் உங்கள் கோபத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கொல்லப்பட்டவரின் குடும்பம், குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுவித்தால் மேல்முறையீடு செய்யலாம். குற்றப்பிரிவைக் குறைத்தால், இழப்பீடு போதாவிட்டால் செய்யலாம். 2009-ல் வந்த உரிமை அது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413-வது பிரிவு. தண்டனை போதாது என்று மட்டும் அவர்கள் மேல்முறையீடு செய்ய முடியாது. அது அரசுக்கு மட்டுமே உள்ள உரிமை, 418-வது பிரிவு. முன்விடுதலைக் கோப்பு நகரும்போது தண்டித்த நீதிபதியின் கருத்தைக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அந்தக் குடும்பத்திடம் கேட்க இல்லை. தலைவர்கள் பிறந்தநாள் விடுதலைக்கு முன் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று உங்கள் எம்எல்ஏவிடம் கேளுங்கள்.